ரெட் டாட்டை எங்கே வைப்பது, பாய்?

பாய்,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த அன்று உங்கள் மையத்து வீட்டில் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "பாவம், ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு" என்று உங்கள் மச்சான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். துக்கமில்லை பாய். உங்கள் அலன் கீ என் கால்சட்டைப் பையில் கிடந்து தொடையைக் குத்தியது. எழுந்து எடுத்து வைக்க வெட்கம். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

இன்று காலை அதே கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது அது 'டங்' என்று விழுந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருகு முடுக்கும் இந்த வளைந்த இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த அலட்டல் கொஞ்சமா? பினாங்குப் பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவுக்கும் அப்பால் இருந்தது நம் சுடும் கிளப். ஞாயிறு காலை கையெழுத்துப் போட்டு நான்காம் நம்பர் ரைபிளை வாங்குவோம். திருப்பிக் கொடுக்கும்போது மொட்டையாகக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே, குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் அந்த ரெட் டாட் டப்பாவை வாராவாரம் ரைபிளின் முதுகுப் பட்டையில் புதிதாகப் பூட்ட வேண்டும். வாராவாரம் அதே சண்டை.

"கண்ணுக்குப் பக்கத்துல வச்சா டப்பாதான் தெரியும் தம்பி. முன்னால தள்ளி வைங்க, உலகம் தெரியும்."

நீங்கள் இரண்டு வயது மூத்தவர், அந்த ஒரே தகுதியில் நான் தம்பி. பின்பக்கம் இரும்பு, ஆடாது. நீங்கள் ஆசைப்பட்ட முன்பக்கம் வெறும் பிளாஸ்டிக் உறை. இறுக்கிப் பிடித்தாலே நெளியும். எத்தனை முறை சொன்னேன்? கேட்பீர்களா? பினாங்கு ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குப் பார்வை விஷயத்தில் பிறர் புத்தி சொல்லக் கூடாதே.

"புள்ளி புள்ளியாவே இல்ல பாய். நசுங்கின செம்பருத்தி மாதிரி இருக்கு" என்று நான் முறையிட்டால், என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பிறகு வாயே திறக்காமல் பொத்தானை அமுக்கி வெளிச்சத்தைக் குறைத்துவிடுவீர்கள். கிளப் வாங்கிப் போட்ட பேட்டரியில்கூடக் கஞ்சத்தனம். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் முழு வெளிச்சத்துக்கு ஏற்றிக்கொள்வேன்.

கிளப்பில் சுடுபவர் வரிசையைக் கட்டி மேய்த்த சரோஜாக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வந்தார். ஃபேக்டரி சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன குரல் அது. "டப்பா பூட்றீங்களா, பிள்ளைக்குப் பொண்ணு பாக்குறீங்களா? சீக்கிரம் லா, பின்னால ஆளு நிக்குது."

அப்புறம் அந்த இரட்டையர் போட்டி. இருவருக்கும் ஒரே ரைபிள், ஒருமுறை பூட்டினால் கடைசிவரை அதே இடம். கோப்பையை வைக்கக் கடைச் சுவரில் முன்கூட்டியே ஒரு பலகை வேறு அடித்து வைத்திருந்தீர்கள். உங்கள் அகங்காரத்துக்கு அந்தப் பலகை ஒன்றே சாட்சி. அன்றைக்கும் உங்கள் பிடிவாதமே ஜெயித்தது. டப்பா முன்னால் போனது.

நீங்கள் பத்துக் குண்டையும் வட்டத்துக்குள் போட்டீர்கள். அது தற்செயல். எனக்கு ஆறு வெளியே. கோப்பை தாசேக் கெலுகோர் கிளப்காரர்களோடு போயிற்று.

கேண்டீனில் எல்லார் முன்னாலும் நான் சொன்னது ஞாபகம் இருக்கும். "கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்ணு எங்க இருக்குன்னே தெரியல. எங்க கொண்டு போயி வச்சிருக்காரு பாருங்க." மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள். உங்கள் காரில் பாலத்தில் திரும்பி வரும்போது ரேடியோவைக்கூடப் போடவில்லை. என் வீட்டு வாசலில் நான் இறங்கும்போது அலன் கீயை நீட்டி, "இனி நீங்களே பூட்டிக்குங்க தம்பி" என்றீர்கள். அதோடு ஞாயிறு காலைகளில் நீங்கள் வரவில்லை. நானும் போன் பண்ணவில்லை. தோற்கடித்தவர்தானே பண்ண வேண்டும்? எட்டு மாதம் காத்திருந்தேன். போன் வந்தது, உங்கள் மச்சானிடமிருந்து.

நீங்கள் வராமல் போனதிலிருந்து டப்பாவை என் இஷ்டப்படி பின்னால் பூட்டிக்கொள்கிறேன். ஆட்டமில்லை, அசைவில்லை. ஆனால் செம்பருத்தி மட்டும் அப்படியே பூத்து நிற்கிறது. உங்கள் சாபம் என்று சரோஜாக்காவிடம் சொன்னேன். "சாபமும் இல்ல ஒண்ணும் இல்ல, போயி கண்ணக் காட்டு" என்றார்.

இன்று துணி காய்வதற்குள் உங்கள் கடைக்குத்தான் போனேன். இப்போது உங்கள் மகள் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பலகை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. என் கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு உங்கள் மகள், "கண்ணுல சிதறல் இருக்கு அங்கிள். டப்பாவ எங்க வச்சாலும் புள்ளி அப்படித்தான் தெரியும். வெளிச்சத்தக் குறைச்சா கொஞ்சம் அடங்கும்" என்றது. கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்தது. உங்கள் மீது எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே குறைந்தது. மீதியை, இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் இதைக் கண்டுபிடிக்கத் தெரியாத கண்ணாடிக் கடைக்காரர் என்ற கணக்கில் வைத்துக்கொண்டேன். அலன் கீயோடு அதையும் சுமந்துகொண்டு வந்திருப்பேன்.

ஆனால் அந்தப் பெண் பழைய பெட்டியைத் துழாவி என் பெயர் போட்ட அட்டையை எடுத்துவிட்டது. நாம் கிளப்பில் சேர்வதற்கு முந்திய வாரம், ஓசியில் நீங்கள் என் கண்ணைப் பார்த்தது. அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரே வரி: "சிதறல் பார்வை. சொன்னேன். கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி இருக்குமாம், யாரிடமும் சொல்லக் கூடாதாம்."