அப்பாவின் துப்பாக்கி லைசன்ஸ்

பீடோர்,
அக்டோபர் 1976

ஆசை மகனுக்கு அம்மா எழுதுவது.

தைப்பிங்கில் மழை விடவே இல்லையாமே. தோள் வலித்தால் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொள்.

துப்பாக்கி லைசன்ஸுக்கு இப்போது கெடுபிடி. காரணம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். அப்பாவோடு நானும் ஸ்டேசனுக்குப் போனேன். மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புதுப்பித்துக் கொடுத்திருப்பார்கள். போன வருடம் வரை அதைத்தான் சொன்னார்.

துப்பாக்கிக் கட்டையில் இருந்த சிவப்பைச் சுரண்டிப் பார்த்த சார்ஜன், "டாரா கா?" என்று மலாயில் கேட்டார். ரத்தமில்லை, ஆயுத பூசைக்கு வைத்த குங்குமம் என்றேன். உண்மைதான். மற்றதை, நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கே சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

அப்பா பன்றியைப் பற்றிப் பேசவே இல்லை. "நீங்களே வச்சுக்குங்க துவான்" என்று மேசைமேல் தள்ளிவிட்டார். பஸ்ஸில் வரும்போது, "பயலுக்கு எழுதிப் போடு, அது இப்ப வீட்டுல இல்லன்னு" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. உனக்குத் தெரியும்.

துப்பாக்கி தொங்கிய ஆணியில் உன் தீபாவளிச் சட்டையை மாட்டியிருக்கிறேன். வந்து போட்டுப் பார். இடது தோளைக் கொஞ்சம் தளர்வாகத் தைக்கச் சொன்னது அப்பாதான்.

அம்மா