சலூன் நாற்காலியில் மாமா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் நடமாடிக்கொண்டிருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். படிப்புக்காக நீ போயிருக்கும் மலைக் குடியிருப்புக்குப் போன் போட்டால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். போன தடவை நீ அழுதது தெளிவாகக் கேட்டது. வீடு வீடாகப் போய் உடம்பைப் பற்றி விசாரித்தபோது ஒரு பெண் வாசலை மறித்துக்கொண்டு, "போன வருஷமும் வந்து கேட்டாங்க, கேட்டுட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரலையே" என்றாள் என்றும், படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று இருக்கிறது என்றும் சொன்னாய். அம்மா அன்றே உன் கட்டில் விரிப்பை மாற்றிப் போட்டுவிட்டாள். வருவதானால் வா கண்ணு, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். அதற்கு முன்னால் இங்கே நடந்ததை மட்டும் பொறுமையாகப் படித்துவிடு.

உன் மாதிரியே மக்கள் சுகாதாரம் படிக்கிற பிள்ளைகள் சிலர் நம் சந்தைத் தெருவுக்கும் வந்தார்கள். பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எழுபது வயதில் படுக்கிற படுக்கையில் இந்தப் பக்கத்து ஆட்கள் நாற்பத்தைந்திலேயே படுத்துவிடுகிறார்களே, அது ஏன் என்று தெரிந்துகொள்ள வந்தார்களாம். பகலில் வீடு வீடாகப் போனால் பாதி வீடு பூட்டு, மீதி வீட்டில் ஆம்பளைகள் இல்லை. அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண், இப்போது தெருவே அவளைக் குட்டி டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது, நேராக என் சலூனுக்கு வந்து, "ஐயா, ஆம்பளைங்க அசையாம உட்காருற ஒரே இடம் உங்க கடைதான், ஓரமா நானும் உட்கார்ந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட விதம் எனக்குப் பிடித்துப்போய், பேப்பர் படிக்க உன் மாமா உட்காருவாரே அந்த முக்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து வந்தது மாமாவுக்கும் அவளுக்கும் சண்டை. மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு, அவருக்கு எதற்கு வைத்தியம்? அவள் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை வெளியே எடுக்கும்போதெல்லாம், "முடி வெட்ட வந்தா ரத்தத்தை அளக்கறாங்க, நாளைக்கு மீசை ஒதுக்க வந்தா எக்ஸ்ரே எடுப்பாங்க போல" என்று கடையையே சிரிக்க வைப்பார். அவளும் கூடவே சிரிப்பாள், ஆனால் எழுந்து போக மாட்டாள். மெல்ல மெல்ல ஒவ்வொருவராகக் கையை நீட்ட ஆரம்பித்தார்கள். நிறையப் பேருக்கு அழுத்தம் எக்கச்சக்கம், எனக்கும் கொஞ்சம் கூடுதல், பயப்படாதே, மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று அவள் கேட்டதற்கு எல்லோரும் சொன்னது ஒன்றுதான், நம்ம பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி திறக்கும் நேரத்தில் லாரி வரும், லோடு இறக்கி முடிக்கும்போது ஆஸ்பத்திரியைப் பூட்டிவிடுவார்கள். மாமா மட்டும் கடைசிவரை கை நீட்டவே இல்லை.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் சவரத்துக்கு உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குக் கத்தியைத் திருப்பினேன், வழக்கம்போல அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தவருக்குப் பேச்சு குழறியது. கிண்டல் செய்கிறார் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து எதிரே வந்து நின்று, "மாமா, எங்க, ஒரு தடவை சிரிங்க" என்றாள். உதட்டில் ஒரு பக்கம்தான் மேலே ஏறியது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள், வலது கை தானாகக் கீழே விழுந்தது. நான் கத்தியைப் பிடித்தபடியே நின்றேன். அவள் ஒரே கத்தாகக் கத்தி எதிர்க்கடைக் காய்கறி வண்டியை நிறுத்தி, நுரையோடும் துண்டோடும் அவரை அப்படியே ஏற்றிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் அழுக்குச் சட்டையைப் பார்த்து, குடித்திருக்கிறார் போல, ஓரமாக உட்காரச் சொல்லுங்கள் என்றார்கள். என்னை விட்டிருந்தால் உட்கார வைத்திருப்பேன். அவள் விடவில்லை. இது பக்கவாதம், இப்போதுதான் ஆரம்பித்தது, நான் கூடவே இருந்து பார்த்தேன், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றாள். டாக்டர் வந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளைக்கு ரத்தம் போகிற குழாயில் இருந்த அடைப்பைக் கரைக்க ஊசி போட்டார், கொஞ்சம் தாமதித்திருந்தால் ஊசியால் பிரயோஜனம் இருந்திருக்காது என்றார். மறுநாள் மாமாவுக்குப் பேச்சு திரும்பியதும் அவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் புருஷன் மீதிக் கன்னத்தை எப்ப வழிப்பான்?" அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூட ஹாலில் ஒரு கூட்டம் போட்டு, சுகாதார அதிகாரியை வரவழைத்து, கண்டதையெல்லாம் எடுத்துச் சொல்லி, நம்ம பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியைச் சாயங்காலமும் திறக்கக் கேட்டார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரி திறக்க ஆள் இல்லை என்று அவர் பெருமூச்சு விட்டார். அப்போது மாமா தடியை ஊன்றி எழுந்து, "நான் இப்ப பேசறதே இந்தப் பொண்ணாலதான், அதனால நிறையப் பேசுவேன், உட்காருங்க" என்றார். ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. மூட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கூட வேலை செய்து விழுந்தவர்களைப் பற்றிச் சொன்னார்கள், யாரும் கத்தவில்லை, அதுதான் அதிகாரியை உலுக்கியது என்று நினைக்கிறேன். வாரத்தில் இரண்டு சாயங்காலம் திறந்து பார்க்கலாம், கூட்டம் வந்தால் தொடரலாம் என்று ஒப்புக்கொண்டார். மருந்துக்கு இன்னும் தட்டுப்பாடுதான், எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கதவு திறந்துவிட்டது.

குட்டி டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொல்லி, மகளுக்கு என்ன எழுத என்று கேட்டேன். "அந்த வீட்டுக்கே மறுபடி போகச் சொல்லுங்க, இந்தத் தடவை எதுவும் கேக்காம சும்மா உட்காரச் சொல்லுங்க" என்றாள். நான் அவ்வளவு படித்தவன் இல்லை, எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. தம்பி பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறான், அவனே சொல்வதால் பாதிதான் நம்பலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

நேற்றுத்தான் முதல் சாயங்கால வைத்தியம் நடந்தது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. மாமா தடியால் ஆட்களை ஒழுங்குபடுத்திவிட்டு, களைத்துப்போன டாக்டருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, "குடிச்சுட்டுப் பாருங்க. எங்க மருமகளும் எங்கேயோ ஒரு வாசல்ல உட்கார்ந்து யாரோட மாமாவையோ பார்த்துட்டிருப்பா" என்றார். எனக்குச் சட்டென்று அங்கே நிற்க முடியவில்லை, கடைக்கு வந்துவிட்டேன்.

நீ தொட்டது துலங்க, நோய்நொடி இல்லாமல், தைரியமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். மலையில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி.

என்றும் உன் நினைவாக,
அப்பா