முதல் கம்பியின் சத்தம்

5 நவம்பர் 1996, செவ்வாய்

இன்றும் இரும்பு டேங்குக்குள்தான் தேய்க்கிற வேலை. கிரைண்டரை நிறுத்திய பிறகும் தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது.

துபாய், அல் குசைஸ் ரூமுக்கு வந்தால் ஜாபர் சாதிக் உட்கார்ந்திருக்கிறான். காயல்பட்டினத்துக்காரன், தேராவில் கேசட் கடை வைத்திருக்கிறான். அல் ஐனில் வால்டர் என்று ஒரு அமெரிக்கக் கிழவர், தன் வில்லாவில் இரண்டு அறையை ப்ளூஸ் மியூசியமாக ஆக்கியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை யாரும் போய்ப் பார்க்கலாமாம்.

“தூத்துக்குடி சர்ச்சுல கிட்டார் வாசிச்சவன்லா நீ. வராம இருந்திராத மக்கா” என்றான்.

எனக்கு முதன்முதலில் ப்ளூஸ் கேசட் கொடுத்தவனே அவன்தான். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்த கறுப்பர்கள் பாடிய பாட்டு. வார்த்தை பாதி புரியாது. புரியாமலே பிடித்துப்போனது.

7 நவம்பர்

சட்டை தேய்த்தாயிற்று. கூட வெல்டிங் பார்க்கும் கார்மேகமும் வருகிறான்.

8 நவம்பர், வெள்ளி

ஜாபரின் வேனில் போனோம். சுவர் முழுக்க போட்டோ, பழைய இசைத்தட்டு. வால்டர் டீ கொடுத்துவிட்டு மூன்று பேருக்கும் ஹெட்போன் மாட்டிவிட்டார். கண்ணாடி பாட்டிலின் கழுத்தைக் கிட்டார் கம்பிமேல் உரசி வாசித்த பாட்டாம்.

தடித்த கம்பி மட்டும் தும், தும் என்று வந்தது. பாடுகிறவன் போர்வைக்குள் முனகுவது போல. அதற்குமேல் ஒன்றுமில்லை. வயர் லூசோ என்று ஆட்டிப் பார்த்தேன். பக்கத்தில் கார்மேகத்துக்குக் கண் கலங்கியிருந்தது.

“பொம்பள அழுகுற மாதிரியே இழுக்குறான்யா” என்றான்.

எந்தப் பொம்பளை?

அவனுடைய ஹெட்போனை வாங்கி மாட்டினேன். அதே தும், தும்.

நான் வாசிப்பேன் என்று ஜாபர் சொல்லியிருப்பான் போல. வால்டர் ஒரு கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்து, சுருதி சேர்க்கச் சொன்னார். சர்ச்சில் எல்லாருக்கும் சுருதி சேர்த்துக் கொடுத்தவன் நான். முதல் கம்பியை, இருப்பதிலேயே மெல்லியதை, தட்டினேன். விரல் பட்டது தெரிந்தது. சத்தம் — நூல் மாதிரி, எங்கோ. முறுக்கினேன். இன்னும் முறுக்கினேன். ஜாபர் முகம் சுளித்தான். கார்மேகம் தரையைப் பார்த்தான். வால்டர் மெல்ல என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

திரும்பும்போது யாரும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ.

9 நவம்பர்

ஃபோர்மேன் அனந்தகிருஷ்ணனிடம் காதுக்கு மூடி கேட்டேன்.

“ஸ்டோர்ல மாஃபி, ஒண்ணும் கிடையாது. பஞ்சு வச்சுக்கோ. யல்லா, டேங்க் டெலிவரி இருக்கு.”

வாயைப் பார்த்துத்தான் பாதி புரிந்தது. எவ்வளவு நாளாக இப்படி எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

13 நவம்பர், புதன்

கிளினிக். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பட்டனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நரம்பு போய்விட்டதாம். போனது வராதாம். மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் இந்த வேலையை விட வேண்டுமாம்.

விட்டுட்டு? விசாவே இந்த வேலைக்குத்தான். விசா கொடுத்த கஃபீல் வேறு இடத்துக்கு விடமாட்டான். ஊருக்குப் போனாலும் எனக்குத் தெரிந்தது இரும்பு தேய்க்கிறதுதானே. நான் என்னதான் செய்யணும்ங்கறாங்க?

16 நவம்பர்

பஞ்சு வைத்துக்கொண்டு டேங்குக்குள் இறங்கினேன்.

20 டிசம்பர், வெள்ளி

ஊரில் புஷ்பலீலாவுக்கு போன் போட்டேன். போன தடவையெல்லாம் லைன் சரியில்லை என்று பொய் சொல்லி, நான் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மனைவியிடம் இன்னும் எத்தனை நாள் இப்படி? இன்று ஜாபரைக் கூட்டிப்போனேன். ஒரே டெலிபோன் கூண்டுக்குள் இரண்டு பேர். ரிசீவரின் மேல்பக்கம் அவன் காதில், கீழ்ப்பக்கம் என் வாயில். அவள் சொல்வதை அவன் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவான். நான் பதில் சொல்வேன். அவன் இருப்பது அவளுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பாப்பாவுக்கு மஞ்சள் கவுன். எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

சட்டென்று ஜாபரின் வாய் நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. ரிசீவரை என் கையில் திணித்து, கீழ்ப்பக்கத்தைப் பொத்தினான்.

“மக்கா, இது நான் கேக்கக்கூடாது.”

வெளியே போய் முதுகைக் காட்டி நின்றான்.

காதோடு அழுத்தி வைத்தேன். இரைச்சல். இரைச்சலுக்குள் அவள்.

“சரி” என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “சரிம்மா... சரி.”

எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை.