கவிதாவின் தம்பி

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். குடை பள்ளிக்கூடத்திலேயே கிடக்கிறது. நனைந்துகொண்டே போடி பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்த வாரம் முழுக்கப் பயிற்சி. செயற்கை நுண்ணறிவை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி. இனி செ.நு. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது. என் ஏழாம் வகுப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். அதாவது, வேடிக்கை பார்ப்பார்.

பயிற்சி தரும் கருத்தாளர் சின்ன வயசுக்காரர், தேனியிலிருந்து வருகிறார். பேச்சு ஓயவில்லை. "மேடம், இது உங்க வேலைய பறிக்காது. உங்க பாரத்தக் குறைக்கும்."

என் பக்கத்தில் தேவாரம் ஊரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர். "குறைக்கட்டும் தம்பி. நேத்து யானை பூந்து வாழை அம்புட்டும் போச்சு. அதுக்கு ஏதாச்சும் பண்ணுமான்னு கேளுங்க." எல்லோரும் சிரித்தோம்.

மதியம் வினாத்தாள் தயாரித்தோம். கேட்டு முடிப்பதற்குள் வந்து நின்றது. நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலை. சந்தோஷம். கொஞ்சம் எரிச்சலும்.

வாங்க: புளி, டார்ச்சுக்கு பேட்டரி, முழங்கால் தைலம்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாரல் விட்டது. மலை மேலே மட்டும் மூட்டம்.

இன்று புதுப் பயிற்சி. செ.நு.வை ஒரு மாணவனாக நடிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளை எப்படிப்பட்டது என்று நாம் எழுதிக் கொடுத்தால் அப்படியே பேசும். நாம் அதற்குப் பாடம் நடத்திப் பழக வேண்டும். "நிஜப் பிள்ளைங்க பேரப் போட்றாதீங்க. அது மட்டும் முக்கியம்" என்றார் கருத்தாளர்.

யாரைப் பற்றி எழுதுவது? யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிவிட்டது. முத்துமாரி. என் வகுப்புதான். ஆடியிலிருந்து பள்ளிக்கு வருவதில்லை. பெயரை மட்டும் கவிதா என்று மாற்றினேன். மற்றதெல்லாம் அவளேதான். ஏழாம் வகுப்பு. ஜன்னலோரம் உட்காருவாள். எது கேட்டாலும் முதலில் "ம்". புரியாவிட்டாலும் தலையாட்டுவாள். பின்னம் வராது. அம்மா விடியற்காலை ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள். கொஞ்ச நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் பேச வேண்டும்.

மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டேன்.

"ம். நாலுல ஒண்ணு டீச்சர். நாலுதான பெருசு."

முத்துமாரி சொன்ன அதே பதில். அதே "ம்".

முறுக்கை வைத்து விளக்கினேன். மூன்று பேருக்குப் பிய்த்தால் எவ்வளவு, நான்கு பேருக்குப் பிய்த்தால் எவ்வளவு. உடனே பிடித்துக்கொண்டாள். "ஆள் கூடக்கூடப் பங்கு சின்னதாயிருது டீச்சர்." எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கக்கேடு, போனைப் பார்த்து அழுவது. முத்துமாரி இப்படி வாய் திறந்து சொல்லி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் ரசம் கொதிக்கும்போது போனை எடுத்தேன், சும்மா. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"தம்பி அழுறான் டீச்சர். தூக்கி வச்சிருக்கேன்."

தம்பி இருப்பதாக நான் எழுதவில்லை. போனில் மேலே தள்ளி, எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இல்லை. ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

முத்துமாரிக்குத் தம்பி உண்டா? எனக்குத் தெரியாது. வகுப்பாசிரியை நான்தான்.

அக்டோபர் 8, புதன்

வெயில். முழங்கால் பரவாயில்லை.

கருத்தாளருக்குக் கவிதாவை ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிய திரையில் போட்டார். ஆளாளுக்குக் கேள்வி. அவள் "ம்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் சிரிப்பு. எனக்கு உடம்பு கூசியது. பிள்ளையைக் கூட்டி வந்து சந்தையில் நிறுத்தியது நான்தான்.

தேவாரத்து வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கேட்டார். "ஏம்மா பள்ளிக்கூடம் வர்றதில்ல?"

திரையில் பதில்: "தம்பிய யாரு சார் பாத்துக்கிறது?"

அப்புறம் டீ வந்தது, சுண்டல் வந்தது.

"எல்லா மாவட்டத்துக்கும் இத அனுப்புறோம் மேடம். எல்லாரும் இந்தப் பொண்ணுக்குப் பாடம் நடத்திப் பழகட்டும்" என்றார் கருத்தாளர். தலையாட்டினேன். முத்துமாரி மாதிரி.

தம்பி எங்கிருந்து வந்தான் என்று அவரைத் தனியாகக் கேட்டேன். "அதுவா ஊகிக்கும் மேடம். இந்த மாதிரி வீட்டுல பொம்பளப் பிள்ள நின்னுட்டா பெரும்பாலும் அதான காரணம்." சுளுவாகச் சொல்லிவிட்டார். அது ஊகித்ததை நான் ஏன் ஊகிக்கவில்லை?

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானத்துக்கு மேல் மழை.

நேற்று சாயங்காலமும் கவிதாவிடம் பேசினேன். வீட்டுக்காரர் அடுக்களையை எட்டிப் பார்த்து, "யாருகூட பேசிக்கிட்டிருக்க?" என்றார். "வகுப்புப் பிள்ள" என்றேன். பொய்யா என்று தெரியவில்லை.

நாளைக்கு வர்றியா என்று கேட்டுவிட்டேன். "வர்றேன் டீச்சர்" என்றாள்.

இன்று பயிற்சிக் கூடத்தில் வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். டீக்காரப் பையன். மின்சாரம் பார்க்க வந்தவர். மழைக்கு ஒதுங்கிய யாரோ. படம் வரைந்து காட்டும் பாடம் ஏதோ நடந்தது. ஒன்றும் ஏறவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பயிற்சி முடிந்தது. சான்றிதழ், குழுப்படம். படத்தில் என் கண் மூடியிருக்கிறது.

கவிதாவை எடுத்துவிடுங்கள் என்று கருத்தாளரிடம் கேட்டேன். "நேத்தே அனுப்பியாச்சு மேடம். இனி எப்படி எடுக்கிறது? பேர்தான் மாத்தியாச்சுல்ல" என்றார். அவர் மேல் தப்பில்லை.

வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகச் செய்திகள். யாரோ பரப்பளவு நடத்தினார்களாம். யாரோ ஒளிச்சேர்க்கை. "கவிதா நல்ல பொண்ணு, ஒருதடவ சொன்னா போதும்." எங்கெங்கோ ஊர்களில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கிறாள். முத்துமாரி எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுதத் தெரியவில்லை.

நாளை முத்துமாரி வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதற்கு மேல் தள்ளினால் போகவே மாட்டேன்.

அக்டோபர் 11, சனி

குரங்கணி ஜீப்பு. பாதி வழியில் இறங்கி, பள்ளிக்கு மேலே காப்பித் தோட்டம் வழியாக ஏற்றம். முழங்கால் கெஞ்சியது. வீட்டை விசாரித்து விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன்.

முத்துமாரி வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு பையன். இன்னும் நடை வரவில்லை.

அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி கொண்டாரவா டீச்சர்?" என்றாள்.

"தம்பியா?"

"ம்."

தண்ணீர் குடித்தபின் போனைக் காட்டினேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது, அவளைவிட்டால் வேறு யார். தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். உதடு அசைந்தது.

"இது நானா டீச்சர்?"

"உன்ன நெனச்சுத்தான் எழுதுனேன். பேர மட்டும் மாத்திட்டேன்."

"மூணுல ஒண்ணுதான் பெருசுன்னு இவ கண்டுபிடிச்சுட்டா."

"ஆமா."

"தெனமும் வர்றாளா?"

"எப்ப கூப்பிட்டாலும் வருவா."

தம்பி போனைப் பிடித்து இழுத்தான், விலக்கினாள். "அப்ப என் எடத்துல இவளே இருக்கட்டும் டீச்சர். நல்லாப் படிக்கிறா."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு உதவுவதாக நினைத்துச் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இருட்டுவதற்கு முன் அம்மா வந்தாள். தலையில் கட்டிய துணி, கை முழுக்கக் காய்க்கறை. "என்ன டீச்சர், எதும் சோலியா?" விஷயத்தைச் சொன்னேன்.

"இவன எங்க விடச் சொல்றீக? மலைக்குத் தூக்கிட்டுப் போனா ஜீப்புல ஏத்த மாட்டேங்குறாக. அங்கன்வாடில கேட்டா, நடக்கட்டும், அப்பறம் கொண்டாங்குறாக. நாஞ் சோலிக்குப் போகலன்னா அடுப்பெரியாது."

"பள்ளிக்கூடத்துக்கே தூக்கிட்டு வரட்டும். என் வகுப்புல இருக்கட்டும்."

"பெரிய சார் ஏச மாட்டாகளா?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். சரி என்று யாரும் சொல்லவில்லை. கடைசி ஜீப்புக்கு வெரசாக இறங்க வேண்டியதாகிவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

தலைமையாசிரியருக்குப் போன். கைக்குழந்தையை வகுப்பில் வைத்தால் மேலே கேள்வி வரும் என்றார். வரட்டும் என்றேன். நானா அப்படிப் பேசினேன்?

என் போனிலிருந்து கவிதாவை அழித்தேன். அழிக்கவா என்று இன்னொரு தடவை கேட்டது. ஆமாம்.

துணி துவைத்தேன், காயவில்லை. பழைய புடவை ஒன்றை மடித்துப் பையில் வைத்தேன், பையனுக்கு விரிக்க.

சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி. எந்த ஊர் வாத்தியாரோ. "இன்னைக்கு கவிதா பாடம் கேக்கமாட்டேன்னு சொல்லிருச்சு. தம்பிக்குக் காய்ச்சலாம். எப்படியெல்லாம் நடிக்குது பாருங்க." கீழே சிரிக்கும் முகங்கள்.

முத்துமாரி வீட்டில் போன் கிடையாது. நேற்றுதான் பார்த்தேன், பையன் நன்றாக இருந்தான். மூக்கு ஒழுகியதோ? ஒழுகியது போலத்தான் ஞாபகம். அது வேறு, இது வேறு. அது வேறு. எழுதினால் அடங்கும் என்று பார்த்தால் அடங்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மூட்டம். பள்ளிக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. முதல் மணி அடித்தபோது ஜன்னலோரம் காலி. கரும்பலகையில் தேதி எழுதினேன், அழித்தேன், திரும்ப எழுதினேன்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். பதிவேட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை, தூக்கினால் காலி இடம் தெரியும். அவள் பெயர் வந்தது. கண் முத்துமாரி என்றுதான் படித்தது. வாய் கவிதா என்று கூப்பிட்டது.

"உள்ளேன் டீச்சர்."

நிமிர்ந்தேன். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், தலைமுடியெல்லாம் பனி. மடியில் தம்பி. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பக்கத்தில் போய்ப் பையனின் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. மலைக்காற்று.

"அது உன் பேரு இல்லையே. ஏன் சொன்ன?"

"ம்" என்றாள். பிறகு, "நீங்க அவளத்தான கூப்பிட்டீங்க. அவ வரல டீச்சர். நான்தான் வந்திருக்கேன்."