கடைசித் தாள் கிழியவில்லை

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மாலையில் சிறு மழை, தரை நனைந்ததோடு சரி.

செய்தவை: மின்சாரக் கட்டணம். மனைவி கமலத்தின் முழங்காலுக்குத் தைலம். மூக்குக்கண்ணாடித் திருகு இறுக்கியது (மறுபடி தளரும்).

கோயில் வாசிகசாலையைத் திறக்கப் போனபோது கமிட்டித் தலைவர் கோவிந்தசாமி எனக்கு முன்னால் வந்து படியில் நின்றிருந்தார். கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம். செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்திருந்தார். நன்கொடைப் பெட்டியில் வந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க. சாமியத் திட்டுற புஸ்தகமாம். என் வீட்டுக்காரி பொரட்டிப் பாத்துட்டு வந்து சொல்றா. கோயில் இடத்துல இதெல்லாம் வைக்கலாமா?"

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"நீங்கதான கவர்மெண்ட்ல இங்கிலீஷ் எழுதியே ரிட்டையர் ஆனவரு. படிச்சிட்டு ஞாயித்துக்கெழம மீட்டிங்ல ரெண்டு வார்த்த சொல்லுங்க. அப்புறம் பழைய பேப்பர் லோரியில போட்டுடலாம்."

தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு. இதைச் சொல்லவில்லை. "சரி" என்றேன். எனக்கு எல்லாம் சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷம், அட்டை போட்டேன். இந்த வீட்டு வாசல் தாண்டும் எந்தப் புத்தகத்துக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை. படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். கமலம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறியப்போற புத்தகத்துக்கு அட்டை என்னத்துக்கு?"

மடிப்பை நகத்தால் அழுத்தினேன்.

ஜூலை 9, செவ்வாய்

வெயில். பலகாரக்கடையில் வடை ஆறிப்போய்.

நாவல், அத். 1 முதல் 5 வரை. நான் எதிர்பார்த்தது: ஒரு நல்ல பிள்ளை, ஒரு சோதனை, கடைசியில் பரிசளிப்பு விழா. எங்கள் பள்ளிக்கூடத்தில் தந்த புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான். உண்மை பேசியவனுக்குக் கைக்கடிகாரம் கிடைக்கும்.

இது அப்படி இல்லை. ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவு. டோரீன் என்ற பெண், பதினைந்து வயது. படகு கவிழ்ந்து தம்பி போய்விட்டான், இவள் பிழைத்தாள். கதை தொடங்கும்போதே அதெல்லாம் முடிந்துவிட்டது. சித்தி வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். படகு கவிழ்ந்ததை ஆசிரியர் சேர்த்துச் சொல்லவே மாட்டேன் என்கிறார். ஓர் இடத்தில் சிவப்புக் காலுறை. இன்னோர் இடத்தில் படகின் மேல்தளத்தில் உருண்டு ஓடும் தேநீர்க் குடுவை. அவ்வளவுதான். மற்றதை அவளும் நினைக்க மாட்டாள், நம்மையும் நினைக்க விடமாட்டாள். ஆனால் குடுவை உருளும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெண்ணால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் தாங்க முடியாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்கிறாள். சித்தி திட்டவில்லை, துணியை நனைத்துக் கதவடியில் வைத்துவிட்டுப் போகிறாள்.

எழுதியவர் ஒரு பெண், இளவயது போலத் தெரிகிறது. எப்படித் தெரிந்தது அவருக்கு? பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது? 

பிறகு எழுந்துபோய், நம் குளியலறையில் சொட்டும் குழாயின் வாயில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வந்தேன்.

கமலம்: "என்னப்பா, பைப்புக்குக் கோவணம் கட்டியிருக்கிறியள்?"

ஜூலை 10, புதன்

மேகமூட்டம். ரயில் தண்டவாளப் பக்கமிருந்து இரும்பு வாசனை.

வாசிகசாலை. நாளிதழ்கள் அடுக்கியது, கிழிந்தவற்றுக்குப் பசை. நாலரைக்கு மேல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் தேவகி வந்தாள். மூன்றாம் படிவம், பதினைந்து வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பாள், யாரோடும் பேச்சில்லை. இன்று நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், இங்கிலீஷ் ஷெல்ஃப்ல ஒரு புக் இருந்துச்சு. படகுக் கதை. காணோம்."

"படித்துக்கொண்டிருந்தாயா?"

"பதினாலாவது சாப்டர்ல இருக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோனா அப்பா ஏன் இதப் படிக்கிறேன்னு அழுவாரு. அதான் இங்கயே."

புத்தகம் என் நாற்காலிக்கு அடியில், பைக்குள். "கமிட்டி பார்வையில் இருக்கிறது" என்றேன்.

"பார்வைன்னா?"

"ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும்."

அலமாரியில் அந்த இடைவெளியைப் பார்த்தாள். விரலை விட்டு அளந்தும் பார்த்தாள். "பரவால்ல அங்கிள்" என்று போய்விட்டாள். விதிப்படிதான் நடந்தேன். ஆனாலும் காலால் பையை உள்ளே தள்ளினேன். அது எந்த விதி?

பொருளாளர் மணியத்தைக் கேட்டேன். அவருக்கு எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூடத் தெரியும்.

"தெரியாதா சார்? போன வருஷம் கிள்ளான் ரோட்டுல பஸ் கவுந்துச்சே. அம்மாவும் இதுவும் ஒரே சீட்டுல. இது மட்டும் வந்துச்சு. அதுலருந்து பஸ்ஸே ஏறாது லா. பஸ் ஸ்டாப் இருக்கிற பக்கம்கூடக் கால் வைக்காது. பின்னாடி சந்து சுத்தித்தான் வீட்டுக்குப் போவும், மழ பேஞ்சாலும்."

"ஓம்" என்றேன். 

"பாருங்க, இதுக்கும் ஓம். சார் பேசுனா அர்ச்சன பண்ற மாதிரியே இருக்கும்."

எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'ஓம்' என்றால் 'ஆமாம்'; அதைக் கேலி செய்வது அவர் வழக்கம். இன்று சிரிக்க முடியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மழை. கோயிலுக்குப் போகவில்லை. (கமலம் போனாள். பிரசாதம்: சுண்டல்.)

அத். 14. தலைவர் வீட்டம்மா கண்டது இதைத்தான். டோரீனைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போகிறார்கள். எல்லோரும் மண்டியிட்டிருக்கும்போது அவள் மட்டும் நிற்கிறாள். மேலே பார்த்து, உரக்க, "திருடன்" என்கிறாள். பாதிரியார் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கையில் புத்தகத்தோடு நிற்கிறார். அத்தியாயம் அங்கேயே முடிகிறது.

பயந்துவிட்டேன். எழுந்து முகம் கழுவினேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். தெரு முனையில் கோயில் ஒலிபெருக்கி, ஓதுவார் பாடிக்கொண்டிருந்தார். வாய் தானாகக் கூடப் பாடியது. திடீரென்று நின்றுவிட்டேன். அந்தப் பாட்டிலும் அடியார் சாமியை வைகிறார்! கண்ணைப் பறித்துக்கொண்டாயே, நீ மட்டும் நன்றாக இரு என்கிறார். சிறுவயதிலிருந்து பாடுகிறேன். அதைக் கோபம் என்று ஒருநாளும் கேட்டதில்லை, ராகமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலம் முடிந்தபோது எங்கள் வயதுப் பையன்கள் கையில் யாரும் இப்படி ஒரு புத்தகம் தரவில்லை. கண்டதையெல்லாம் கண்டுவிட்டு, சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு, நேரே வேலைக்குப் போனோம்.

இதை ஏன் எழுதினேன். அடித்துவிடலாம். இருக்கட்டும்.

ஜூலை 13, சனி

வெயில். காய்கறி: கத்தரி, பயற்றங்காய். மீன் விலை கேட்டுவிட்டுத் திரும்பியது.

நாவல் முடிந்தது. முடிந்ததா என்பதுதான் சந்தேகம். கடைசி அத்தியாயத்தில் சித்தியும் டோரீனும் கடற்கரைக்குப் போகிறார்கள். அவள் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றவில்லை. அலை வருகிறது, போகிறது. "போகலாமா?" என்கிறாள் சித்தி. "இன்னும் கொஞ்ச நேரம்" என்கிறாள் டோரீன். அவ்வளவு. அடுத்தது வெற்றுத்தாள்.

ஒரு தாள் கிழிந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தையலைப் பார்த்தேன். முதுகை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பக்க எண்களைச் சரிபார்த்தேன். எதுவும் குறையவில்லை. தண்ணீரில் இறங்குவாள், குறைந்தது காலையாவது நனைப்பாள் என்று இத்தனை பக்கமாகக் காத்திருந்தவன் நான். ஆசிரியருக்கு முடிக்கத் தெரியவில்லையா, எனக்குப் படிக்கத் தெரியவில்லையா? பின்னதாகத்தான் இருக்கும்.

நாளைக்குப் பேச வேண்டியதை எழுதிப் பார்த்தேன். மூன்று விதமாக. மூன்றும் மரியாதையாக இருந்தன, மூன்றிலும் ஒன்றுமே இல்லை.

கமலம்: "உங்களுக்கு ஏன் உந்த வில்லங்கம்? தலைவர் சொல்லுறதுக்குத் தலையாட்டிப்போட்டு வாங்கோ. மத்தியானம் குழல்புட்டு."

லோரி திங்கட்கிழமை காலையில் வரும். அந்தப் பிள்ளை பதினாலாம் அத்தியாயத்தில் நிற்கிறது. அதாவது டோரீன் தேவாலயத்தில் நிற்கும் இடத்தில்.

ஜூலை 14, ஞாயிறு

கூட்டம். ஏழு பேர். மின்விசிறி ஒன்று ஓடவில்லை. முதலில் திருவிழாத் தண்ணீர்ப்பந்தல், பிறகு கூரை ஒழுக்கு, பிறகு இது.

தலைவர்: "இந்தா, எல்லாரும் பாத்துக்குங்க, என்னா மாதிரி புஸ்தகம்னு." மேலட்டையைக் காட்ட, நான் போட்ட காலண்டர் தாளைச் சர்ரென்று உருவினார். உள்பக்கம் சரஸ்வதி. வீணையோடு, முழு அளவில். அவர் கை தானாகவே எழும்பித் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

மணியம்: "தலைவரே, லோரியில போடப்போறதக் கண்ணுல ஒத்திக்கிறீங்களே!"

கூட்டம் சிரித்தது. தலைவருக்கு முகம் சிவந்தது. "யாருய்யா இதுக்கு அட்ட போட்டது?"

"நான்தான்."

வாயைத் திறந்துவிட்டேன். இனி மூட முடியாது என்று தெரிந்தது. எழுதிவைத்த தாள் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. சொன்னது ஏறக்குறைய இது:

"அந்தப் பிள்ளை சாமியைத் திட்டுது, ஓம். தம்பியைப் பறிகொடுத்த பிள்ளை. ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் திட்டமாட்டினம். உள்ளே ஆள் இருக்கிறார் என்று நம்புகிறதாலதான் திட்டுது. வெள்ளிக்கிழமை நம்முடைய கோயிலில் பாடினதும் அதுதானே? கண்ணைப் பறிச்ச சாமியை அடியார் வைகிறார். நாங்கள் கைகூப்பிக் கேட்கிறோம்."

 ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

தலைவர் குரல் இறங்கியது. கெட்ட மனிதர் இல்லை. "அது சரி சார். நம்ம புள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கிற வயசு. செத்துப்போன கத, அழுவுற கத, இதெல்லாம் யாருக்கு வேணும்? சொல்லுங்க. யாருக்கு வேணும்?"

ஒரு பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதை இந்த மேசையில் போடக் கூடாது. விழுங்கினேன்.

"எனக்கு வேணும்" என்றேன்.

பொய்யா? இப்போது எழுதும்போது யோசிக்கிறேன். இல்லை.

தலைவர் என்னையே பார்த்தார். "சார் இம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்லியே லா." பிறகு: "சரி, பொது ஷெல்ஃப்ல வேணாம். பூட்டுற அலமாரியில வைங்க. சாவி சார்கிட்டயே இருக்கட்டும். யாரு கேட்டா குடுக்கலாம்னு அவருக்குத் தெரியும்." சரஸ்வதித் தாளை அவரே மடித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். கோணலாக. நான் சரிசெய்யவில்லை.

புட்டு ஆறியிருந்தது. கமலத்திடம் எல்லாம் சொன்னேன். "நீங்களா?" என்றாள். பிறகு இன்னொரு அகப்பை கறி விட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

பிற்பகலிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.

தேவகி வந்தாள். கேட்கவில்லை, அலமாரி இடைவெளியைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் பூட்டைத் திறந்து, புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"கமிட்டி பார்த்துவிட்டது."

"என்ன சொன்னாங்க?"

"படிக்கலாம் என்று."

படித்தாள். நான் சந்தா ரசீதுகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். பதினாலாம் அத்தியாயத்தில் அவள் உதடு அசைந்தது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை (பார்த்தேன்). மழை தொடங்கியபோது கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். வெற்றுத்தாளைப் புரட்டிப் பார்த்தாள், என்னைப்போலவே.

"முடிஞ்சிருச்சா அங்கிள்?"

"ஓம். நானும் தாள் ஏதும் கிழிந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. தண்ணீரில் இறங்காமலே விட்டுவிட்டார்கள்."

யோசித்தாள். "நல்லவேள" என்றாள்.

"ஏன்?"

"எறங்கியிருந்தான்னா, இது வரைக்கும் சொன்னதெல்லாம் சும்மான்னு நெனச்சிருப்பேன்."

ஐம்பது ஆண்டு ஆங்கிலம் படித்தவன், எனக்கு இது தோன்றவில்லை. எழுதியவர் கடலுக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறார், இந்தப் பிள்ளையைக் கண்டதில்லை. ஆனாலும் இவள் எந்த இடத்தில் நம்புவதை நிறுத்துவாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு ஓர் அடி முன்னால் நின்றுகொண்டார்.

புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனாள். அலமாரியைப் பூட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனேன். பெருமழை. சந்துப் பக்கம் தேடினேன், காணவில்லை. எதிர்ச்சாரியில், பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே, புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மினி பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "கிள்ளான் ரோட்! கிள்ளான் ரோட்!" என்று கத்தினான். இவளைப் பார்த்தும் கத்தினான். ஏறவில்லை. பின்வாங்கவும் இல்லை. பஸ் போயிற்று. சேறு தெறித்து அவள் வெள்ளைச் சப்பாத்து நனைந்தது. குனிந்து பார்த்தாள். அங்கேயே நின்றாள்.

பின்னால் மணியம் வாசல் சாவிக்கொத்தைக் குலுக்கினார். "சார், மணியாச்சு. பூட்டிறலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.