வடவாயில் விதியைத் திருத்திய கை யாருடையது என வினவி விடுத்த ஓலை

நலம் பெருகுக. வேங்கைநாட்டு வேந்தர், பகைவர் முதுகு கண்ட கொற்றவேள் பெருமானின் திருவாய்மொழிப்படி, முதலமைச்சன் அழிசி நக்கன், தேனூர் ஆவணக்களரியின் தலைவரும் அரச விதிகள் அனைத்தையும் காப்பவருமான ஓலைநாயகம் காரி பூதனார்க்கு எழுதுவது. தேனூர் மக்களும் அவர்தம் ஆநிரைகளும் வாழ்க. தாங்களும் நலம் என்றே நம்ப விரும்புகிறோம்.

சந்தை நாளில் பொழுது சாய்ந்ததும் கோட்டையின் வடவாயிலை அடைப்பது நம் விதி. சென்ற சந்தை நாளில் அது அடைக்கப்படவில்லை. வணிகர் வேடத்தில் புகுந்த பகைவர் குதிரைக் கொட்டிலுக்குத் தீயிட்டனர். வாயிற்காவலன் சாத்தன் ஏறன் துரோகி எனப் பிடிபட்டான். வரும் முழுநிலவன்று கழுவேற்றுவதென்று தீர்ப்பாயிற்று. அவனை யாமே வினவினோம். தேனூர் ஆவணக்களரியிலிருந்து வந்த புதிய விதியோலையின்படியே கதவைத் திறந்து வைத்ததாகவும், ஓலை சொன்னது குற்றமாயின் முதலில் ஓலையைக் கழுவேற்றுமாறும் அவன் விண்ணப்பித்தான். எமக்குச் சினம் வந்தது. ஆயினும் ஓலையை வரவழைத்துப் பார்த்தோம். அவன் சொன்னது மெய்.

விதியொன்று மாறினால், மாறியது எது, ஏன், யார் ஆணையால் என்று சிறு ஓலை நறுக்கில் எழுதி அவ்விதியோலையோடு கட்டுவது தங்கள் களரியின் வழக்கம். இதில் கட்டியிருந்த நறுக்கிலோ, சில பிழைகள் நீக்கப்பட்டன என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அந்த ஒரே நறுக்கின் கீழ் எழுத்துப்பிழைகள் திருந்தியுள்ளன, சுங்கச்சாவடி ஒன்றின் பெயர் மாறியுள்ளது, கூட்டத்தோடு கூட்டமாக வாயில் அடைக்கும் வேளையும் மாறியுள்ளது. எழுத்தரின் சோம்பலே காரணம் என்று தாங்கள் சொல்லி அனுப்பியதாக அறிந்தோம். அந்தச் சோம்பேறிக் கை, பகைவனுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் அத்தனை சுறுசுறுப்பாக இருந்தது எவ்வாறு என்பது எமக்கு விளங்கவில்லை.

இனி ஒரு மாற்றத்துக்கு ஒரு நறுக்கு. முதல் வரியில் மாறியது இன்னதென்று சுருக்கமாகவும், அதன்கீழ் காரணமும், ஆணையிட்டவர் பெயரும், எழுதியவர் பெயரும் இருத்தல் வேண்டும். இவை இல்லாத ஓலையைக் காவலர் அடுப்பிலிடலாம்.

சாத்தன் ஏறனை இன்று விடுவித்துவிட்டோம். அவன் இருந்த சிறை காலியாக உள்ளது. கழுவேற்றும் நாள் தள்ளி வைக்கப்படவில்லை. வேந்தர் திருமுன் படித்து, வேங்கை முத்திரை பொறித்து இடும் ஆணை இது: அந்நறுக்கை எழுதியவனோடு தாங்கள் வருக, அவன் யாரெனத் தெரியாதெனில் தனியே வருக. இவ்வோலை கொணரும் வீரர் வழித்துணையாக வருவர்.