விளக்கணைத்த இரவில் ஒரு நட்சத்திரம்

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் வெசாக் பண்டிகை விளக்குக்கூடு கட்டுவதற்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் விற்கிறார்கள். அதைக் கண்டதும் கறிவேப்பிலை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்தத் தாளைத்தான் நீங்கள் டோர்ச் லைட்டில் சுற்றி வைத்திருந்தீர்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழக நேரமெடுக்கும், சிவப்பென்றால் பரவாயில்லை என்பீர்கள். பகல் முழுக்க வங்கியில் குனிந்திருந்த மனிதருக்குப் பொழுதுபட்டால் மொட்டைமாடியில் வானம் பார்க்கிற வேலை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

உங்கள் செல்ல நட்சத்திரம் அன்னம் என்ற கூட்டத்தில் இருந்தது. உண்மையில் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள்.

"சின்னது மற்றதிட்டை இருந்து இழுத்து இழுத்துச் சேர்க்கும். சேர்ந்தது தாங்கேலாமல் ஒருநாள் பத்தி எரியும். பிறகு அடங்கிப்போம்."

"எங்கடை வீட்டிலை ஆர் இழுக்கிறது?"

"அதைச் சொன்னா எனக்கு இரவுச் சாப்பாடு கிடையாது."

எரியும்போது மட்டுந்தான் அது உங்கள் பைனாகுலரில் அகப்படும். அதற்கும் நல்ல இருட்டு வேண்டும். கொழும்பில் இருட்டுக்கு எங்கே போவது?

இயக்கத்தின் விமானம் குண்டுபோட வருகிறதென்று ஊர் முழுக்க விளக்கணைத்த அன்று, மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் ஒடுங்கியிருக்க, நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"வாரும், இப்படியொரு இருட்டு இனிக் கிடையாது."

"விசரே உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தேன். வரைபடத்தைச் சரிபார்க்க டோர்ச்சை ஒருமுறை அடித்தீர்கள். பிறகு பைனாகுலரை என்னிடம் தந்தீர்கள்.

தெருவில் நின்ற ஆமிக்காரர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டு மேலே ஏறி வந்தார்கள். யாருக்குச் சைகை காட்டினாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். "தருவக் பெலுவா, மஹத்தயா" என்றீர்கள். நட்சத்திரம் பார்த்தேன் என்ற அந்த ஒரு பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் அதை யார் நம்புவார்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"விடிய வந்திடுவன். கதவைப் பூட்டிப்போட்டுப் படும்" என்றீர்கள், அவர்கள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது.

அப்படி ஒருவரைக் கொண்டுவரவேயில்லை என்றார்கள், நான் போன இடமெல்லாம். அரைகுறைச் சிங்களத்தில், அழுதழுது, இரண்டு நட்சத்திரங்களின் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் தேநீர் தந்து அனுப்பினார். இப்போது மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். நானும் சம்மதித்துவிட்டேன். களைத்துவிட்டேன், என்னைக் கோபிக்காதீர்கள்.

அன்றிரவு நீங்கள் பக்கத்தில் நின்று வழிகாட்ட, நானும் அதைப் பார்த்தேன். பொட்டுப்போல, ஆனால் தெளிவாக, எரிந்துகொண்டிருந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கு நான் ஒருத்தி சாட்சி. இத்தனை வருடத்தில் அதை மட்டும் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.